தேத்தண்ணிக்கு வந்தவள்

“லண்டனில் இருக்கிறாய், உனக்கென்ன குறைச்சல்?” என்று ஊரில் கேட்கிறார்கள். குறைச்சல் ஒன்றும் இல்லை, வெயில் ஒன்றைத் தவிர! டிசம்பரில் இங்கே நாலு மணி அடிப்பதற்குள் சூரியன் அஸ்தமித்துவிடுகிறான். மழையின் மீது மட்டும் நான் வீண் பழி போடமாட்டேன். வருஷம் முழுவதும் இங்கே பெய்கிற மழை, சென்னையில் பெய்வதில் பாதிகூடத் தேறாது. ஆனால் நம் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இதுவோ கடன் கொடுத்தவனைப் போல் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும்.

சாயங்காலத்தைத் தள்ளுவதுதான் கஷ்டம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் மார்ச் வரையில் ஊருக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். இங்கே ஆறரை மணிக்கு யாருடனாவது பேசலாமென்று தோன்றினால், மயிலாப்பூரில் நடுநிசி! ஆகையால் அம்மாவோடு பேச்செல்லாம் காலையில்தான். தலையை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு, பின்னால் குவிந்து கிடக்கும் துணியை நகர்த்திவிட்டு, செல்போன் முன்னால் உட்கார்ந்து, “சௌக்கியமா இருக்கேம்மா” என்பேன். பிள்ளையையோ பெண்ணையோ தூரதேசத்துக்கு அனுப்பியிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இந்தச் ‘சௌக்கியம்’ பழக்கமானதுதானே?

போன வெள்ளிக்கிழமை காலை மன்னி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுப் பத்து நாளாகிறதாம்! அந்தப் பத்து நாளும் அம்மா என்னோடு பேசினாள், சிரித்தாள். கையைத் திரைக்குக் கீழேயே வைத்துக்கொண்டிருந்தாள். “நீ அங்கே தவிப்பியேன்னுதான் சொல்லலை” என்றாள் மன்னி.

அன்றைக்கென்று என் கணவர் வெளியூர் போயிருந்தார். தொட்டியில் இரண்டு நாள் பாத்திரம். விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது.

டூட்டிங்கிலிருந்து என் யாழ்ப்பாணத்துச் சிநேகிதி வந்திருந்தாள். கையில் ஒரு பை நிறைய இடியப்பம்.

“என்னக்கா, லைட்டும் போடாமல் இருக்கிறியள்? தேத்தண்ணி போடட்டே?”

வேறொருத்தியாக இருந்தால் நான் பதறிப்போய் ஹாலைச் சரி செய்திருப்பேன். இவளிடம் அந்த உபசாரமெல்லாம் கிடையாது. நேரே அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தைப் பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கோப்பையை மட்டும் அலம்பிக்கொண்டாள். பாக்கியை அப்படியே விட்டுவிட்டாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது!

தேநீரைத்தான் அவர்கள் தேத்தண்ணி என்கிறார்கள். அதைக் குடித்தபடியே சொதி வைத்தாள். தேங்காய்ப் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தை மட்டும் இறக்கிய பிறகே பிழிய வேண்டும், அடுப்பிலேயே பிழிந்தால் பால் திரிந்துவிடும். சம்பலுக்குச் செத்தல் மிளகாய், அதாவது நம்முடைய வற்றல் மிளகாய், வறுத்தாள். உடனே கூரையிலிருந்த புகை மணி ‘கீச் கீச்’ என்று அலற ஆரம்பித்தது. அவள் துண்டை எடுத்து வீச, நான் முக்காலியில் ஏறி ஜன்னலைத் திறக்க, இருமலும் சிரிப்புமாக இருவருக்கும் கண்ணில் ஜலம். எனக்கு அது நிற்கவில்லை.

கணப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அம்மாவின் சமாசாரத்தைச் சொன்னேன். அவள் ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாமலே இருந்தாள்.

1983-க்குப் பிறகு அவளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அவளுடைய தாயார் இங்கே வந்துவிட்டார். தகப்பனார் அங்கேயே தங்கிவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, டெலிபோனும் கிடையாது. எப்போதாவது ஒரு கடிதம் வரும்.

“‘நான் சுகம், மாமரம் காய்ச்சிருக்கு’ எண்டு அப்பா எழுதியிருந்தார். அம்மா அதைத் தலையணைக்குக் கீழ வச்சிருந்தவ. வீட்டுக் கூரை போய் ரெண்டு மாசமாம் அப்ப.” ஒரு விள்ளல் இடியப்பத்தைச் சொதியில் தோய்த்தாள். “அதுக்குப் பிறகு நான் ஆரையும் ‘சுகமோ’ எண்டு கேக்கிறேல்லை, அக்கா. ‘இண்டைக்கு என்ன சமையல், ஆர் சமைச்சது?’ எண்டுதான் கேப்பன்.”

பத்து மணிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப்போவது போல் எழுந்தாள், பதினொன்றரைக்குத்தான் போனாள். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதி நேரம் பேசவே இல்லை.

மறுநாள் காலை தலை வாராமலேயே அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அம்மா, இன்னிக்குக் காபியை எந்தக் கையால ஆத்தினே?”

அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “நான் எங்கேடி ஆத்தறது? மன்னிதான் ஆத்திக் கொடுத்தா” என்று சொல்லிக் கட்டுப் போட்ட கையை மேலே தூக்கிக் காட்டினாள். என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“நீ நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?”

“இடியப்பமும் சொதியும்மா.”

“சொதியா? அது எப்படிடி பண்றது, சொல்லு.”