மடவையும் பெலானாக்கும்

சென்ற ஆண்டு நம் கழகம் நடத்திய பேச்சுப் போட்டியில் நெய்தல் திணையைப் பற்றிப் பேசி இரண்டாம் பரிசு பெற்றேன். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், இரங்கல் அதன் உரிப்பொருள் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அடுத்து வந்த விடுமுறையில் உண்மையான கடலோரத்தில் நின்றபோது, கண்முன் துள்ளிய ஒரு மீனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

எங்கள் குடும்பத்தில் பதின்மூன்று பேர் சேர்ந்து இரண்டு நாள் கடலோரப் பயணம் போனோம். படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேரவன் வண்டி எங்களுக்கு ஏது? வாடகைக்கு ஒரு வேன், மாமாவின் பழைய கார், ஒரு கேஸ் அடுப்பு, வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொண்ட மிளகாய் விழுது. அவ்வளவுதான். பந்திங்கிலிருந்து மோரிப், பத்து லாவுட், தஞ்சோங் செப்பாட் என்று ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்துப் போர்ட்டிக்சன் வரை போவது திட்டம்.

அந்தப் பக்கத்துக் கடல் படங்களில் காணும் நீலக்கடல் அன்று, சேற்றுக்கடல். நீர் வற்றும்போது கரையைவிட்டு வெகுதூரம் போய்விடும். 1945 செப்டம்பரில் நேசப் படைகள் மோரிப்பில் இறங்கியபோது அவர்களின் வாகனங்களே இந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டன. ஆனால் நண்டுக்கு அந்தச் சேறுதான் வீடு.

மாமா ஓர் ஆற்றுமுகத்தில் பிந்தோர் போட்டார். வட்டக் கம்பியில் வலை கட்டி, நடுவில் மீன் தலையை வைத்துக் கயிற்றால் இறக்குவார். கால் மணி நேரம் கழித்து விருட்டென்று இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் நண்டு தப்பிவிடும். மதியத்திற்குள் ஒன்பது நண்டுகள் கிடைத்தன. பிறகு அவர் ஜாலா வீசினார். “வீச்சு வலைன்னு சொல்லுங்கடா” என்றார் பாட்டி. முதல் வீச்சிலேயே வெள்ளி நிறத்தில் மீன்கள் துள்ளின.

“பாட்டி, பெலானாக்! பெரிய பெலானாக்!” என்று கத்தினேன்.

“மடவைடி அது. போன மாசங்கூட கொழம்பு வெச்சேனே, ரெண்டு தட்டு சோறு தின்னியே!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடவைக் குழம்பைச் சிறு வயதிலிருந்து சாப்பிட்டு வருகிறேன். மடவை என்பது குழம்பு வைக்கும் ஒரு முறை என்றே நினைத்திருந்தேன்! சந்தையில் பார்த்த பெலானாக்கும் தட்டில் விழுந்த மடவையும் ஒன்றே என்று இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

மரத்தடியில் அடுப்பு எரிந்தது. அத்தை நண்டைப் பெரட்டினார், பாட்டி மடவைக்குப் புளி கரைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். சியாக்காப் கொடுவா, பாரி திருக்கை, சோத்தோங் கணவாய், பாவால் வாவல். பாட்டியின் தாயார் நாகப்பட்டினத்துப் பக்கம் கடலோரச் சிற்றூரிலிருந்து வந்தவர். தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தபோதும் கடல் சொற்களை அவர் விடவில்லை. வலையில் கடைசியாக ஒரு செம்பிலாங் இருந்தது. பாட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “கெளுத்தி சாதிதான். ஆனா வாலு விலாங்கு மாதிரி இருக்குல்ல, இதுக்குன்னு எங்கம்மா ஒரு பேரு சொல்லும்... மறந்துபோச்சும்மா” என்றார். வெகுநேரம் அவர் பேசவில்லை.

என் தோழி ஒருத்தி கேட்டாள்: “சந்தையில் பெலானாக் என்றால்தான் மீன் கிடைக்கும். மடவையைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?” நியாயமான கேள்விதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்த எனக்கு மலாய்மொழி மீது வருத்தம் ஏதுமில்லை. நம் கப்பலை அவர்கள் காப்பால் என்று எடுத்துக்கொண்டார்கள், அவர்களின் சம்பாலை நாம் எடுத்துக்கொண்டோம். சொற்கள் கொடுத்து வாங்குவது அழகு. ஆனால் நம்மிடம் இருந்ததைத் தெரியாமலே தொலைப்பது கொடுத்து வாங்குவதாகாது. மடவை என்ற சொல் போனால், பாட்டி சொல்லும் கதையில் பாதி எனக்குப் புரியாது. அவர் பேசுவது எனக்கும், நான் பேசுவது அவருக்கும் அந்நியமாகிவிடும்.

இதற்குப் பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை. மீன் பெயரை எந்தப் பாடநூலும் முழுதாகத் தர முடியாது. அது வலை இழுக்கும் இடத்திலும் அடுப்படியிலும்தான் கைமாறுகிறது. நாமோ பாட்டி மீன் ஆயும் நேரத்தில் கைத்தொலைபேசியோடு அறைக்குள் இருக்கிறோம்.

நம் கழகம் கணினிக்கும் அறிவியலுக்கும் கலைச்சொல் பட்டறை நடத்துகிறது. அது வேண்டியதே. ஆனால் புதிய சொல்லை என்றும் ஆக்கிக்கொள்ளலாம். பாட்டியிடம் இருக்கும் சொல்லுக்கு அவர் வயதுதான் தவணை. ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து மீன், வலை, சமையல் பற்றிய பத்துச் சொற்களையாவது கேட்டு எழுதி வர வேண்டும் என்றும், அவற்றை அடுத்த ஆண்டு மலரில் தொகுத்து வெளியிட வேண்டும் என்றும் செயலவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிவிட்டேன். இதுவரை 31 சொற்கள் சேர்ந்துள்ளன. செம்பிலாங்குக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்தால், தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.