'கிருமி இல்லை' என்னும் சான்றிதழ்

மஞ்சட்காமாலை பரவும் நகரங்களில் அதிகார வர்க்கம் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது: குளோரின் கலந்தே நீர் வழங்கினோம், பரிசோதனையில் கிருமி இல்லை. இப்பதிலின் புரட்டு 'கிருமி' என்னும் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் தமிழில் கிருமி என்றே வழங்குகிறோம். மொழிபெயர்ப்பாளனுக்கு இது வசதியான சொல். அதிகாரிக்கோ அதைவிட வசதியான சொல். ஆய்வகம் வழக்கமாகத் தேடுவது கோலிஃபார்ம் என்னும் பாக்டீரியாவை. அது இல்லை என்பதனாலேயே வைரசும் இல்லை என்றாகிவிடாது.

இதைத் தலைநகர் தில்லியே மெய்ப்பித்திருக்கிறது. 1955இல் யமுனையின் வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் போக்கு மாறி, நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை, வஜீராபாத் நிலையம் நீர் எடுக்கும் இடம்வரை வந்து சேர்ந்தது. குளோரின் அளவைக் கூட்டினார்கள். டைபாய்டோ வயிற்றுக்கடுப்போ பெருகவில்லை. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலுமாக 29,000க்கும் மேற்பட்டோர் காமாலையில் விழுந்தனர். பாக்டீரியாவை மடக்கிய குளோரினை வைரஸ் கடந்துவிட்டது. அது ஹெப்பாடைட்டிஸ் 'ஈ' வகை என்பது, பாதுகாத்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பல்லாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோதே தெரிந்தது. கருவுற்ற பெண்களைக் குறிவைத்துக் கொல்லும் நோய் இது. கருவின் கடைசி மூன்று மாதங்களில் தொற்றினால் 100 பேரில் 20 முதல் 25 பேர்வரை இறக்கக்கூடும்.

குளோரின் பயனற்றது என்பதன்று நம் வாதம். தெளிந்த நீரில், போதிய அளவில், குறைந்தது அரைமணி நேரம் நின்று வேலை செய்தால் அது பெரும்பாலான வைரஸ்களை அழிக்கும். கலங்கல் நீரிலோ அழுக்குத் துகள்கள் வைரசுக்குக் கவசமாகின்றன. சாக்கடையின் அமோனியா குளோரினைப் பற்றி அதன் வீரியத்தைக் குறைக்கிறது. ஆகவே சாக்கடையை ஆற்றில் விட்டுவிட்டு, கீழே பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுவது கிருமிநீக்கம் ஆகாது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 என்ன சொல்கிறது? எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம், வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும் இடத்தில் 0.5 மில்லிகிராம். இந்த இரண்டாவது எண்ணை எந்த மாநகராட்சி மக்களிடம் சொல்லியிருக்கிறது?

அறுபது ஆண்டுகள் கழித்துச் சிம்லாவில் அதே கதை. 2015 இறுதியில், மல்யாணா கழிவுநீர் நிலையத்திலிருந்து சரிவரச் சுத்திகரிக்கப்படாத கழிவு அஷ்வனி ஓடையில் கலந்தது. அவ்வோடையின் நீரே நகரின் ஒரு பகுதிக்குக் குடிநீர். கழிவுநீர் நிலையத்தை இயக்கும் பொறுப்போ ஒப்பந்தக்காரர் கையில். புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் அதே 'ஈ' வைரசை உறுதிசெய்தது. செலவைக் குறைத்தால் லாபம் ஒப்பந்தக்காரருக்கு, காமாலை குடிமக்களுக்கு. தனியார்மயத்தை விளக்க வேறு பாடநூல் வேண்டுமோ?

தண்ணீர் வராத நேரத்தில் காலியான குழாயின் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுகிறது. நிலையத்தில் எடுத்த மாதிரி தூய்மையாயிருந்தும் குடிசைப்பகுதியின் கடைசிக் குழாயில் நோய் வருவது இதனால்தான். அங்கே அரசு தரும் அறிவுரை 'காய்ச்சிக் குடியுங்கள்' என்பது. நோய்ப்பரவலின்போது அது சரியான அறிவுரையே, மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு முழுவதற்கும் அதுவே கொள்கையானால், எரிவாயு உருளையின் விலையும் சுத்திகரிப்பு இயந்திரத்தின் விலையும் கூலித் தொழிலாளியின் தலையில் விழுகின்றன. இயந்திர வணிகர்களுக்குச் சந்தை திறக்கிறது.

உள்ளாட்சி மன்றங்களில் உள்ள தோழர்கள் இனி 'குளோரின் போட்டீர்களா?' என்று கேட்டு அமரவேண்டாம். கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு, நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே யாருடைய சாக்கடை விழுகிறது, அந்தக் கழிவுநீர் நிலையம் யார் கையில் என்று கேளுங்கள். விடைகளை வார்டுதோறும் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.