பச்சை வீடு

எதிர் வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு. ‘பசுமை இல்ல விளைவு’ பற்றிய இரண்டு மார்க் விடையை ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

“பசுமை இல்லம் என்றால் என்னடா?”

“பச்சை பெயிண்ட் அடித்த வீடு, மாமா.”

நான் சிரிக்கவில்லை. குளிர் தேசத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தை அவன் எங்கே கண்டான்? மார்கழி இரவில் போர்த்திய கம்பளி உடம்புச் சூட்டை வெளியே விடாதல்லவா, அப்படித்தான் கரியமில வாயு பூமியின் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டான்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 1991-லேயே சொல்லிவிட்டது. நாமும் பாடம் வைத்தோம். கூடவே ‘மரம் நடுவோம்’ என்று ஓவியப் போட்டி, பரிசாக ஒரு பென்சில் டப்பா! இயந்திர யுகத்துக்கு முன் காற்றில் 10 லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதற்குப் பள்ளிக்கூடத்து வேப்பங்கன்றா பதில்? நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்தது யார் என்று வகுப்பில் உரக்கச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சொன்னால், மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்து அப்பாவின் காரைப் பார்ப்பானே!

பரீட்சையில் பையன் கம்பளி என்றே எழுதினானாம். சைபர் போட்டிருக்கிறார்கள்.