குச்சிக்குப் பதில் ஒரு கல்

ஐரோப்பாவின் வடக்கே உள்ள குளிர் நாடு சுவீடன். அந்த நாட்டின் 20 குரோனா நோட்டில் ஒரு பெண்மணியின் படம் இருக்கிறது. அவர் அரசி அல்ல, மந்திரியும் அல்ல. குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். அவர் பெயர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென்.

1907-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, விம்மர்பி என்ற சிற்றூரின் அருகே ஒரு குத்தகை விவசாயியின் வீட்டில் அவர் பிறந்தார். பிள்ளைகள் நான்கு பேர். வேலையும் உண்டு, விளையாட்டும் உண்டு. மரம் ஏறிக் குதித்து வளர்ந்தார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் உள்ளூர்ப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். 18 வயதில் சோதனை வந்தது. மணமாகாமலே அவர் தாயாகும் நிலை. ஊர் தூற்றியது. ஊரை விட்டு வெளியேறினார். 1926 டிசம்பரில் அயல்நாடான டென்மார்க்கில் மகன் பிறந்தான். அவனை அங்கே ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டு, ஸ்டாக்ஹோம் நகரில் தட்டெழுத்துப் பயின்று வேலை பார்த்தார். கையில் காசு சேரும்போதெல்லாம் ரெயில் ஏறிப் போய் மகனைப் பார்த்தார். மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. பின்னால் அவர் எழுதிய கதைகளில் தனியாகத் தவிக்கும் பிள்ளைகள் பலர் வருவார்கள். அந்தத் தவிப்பை அவர் புத்தகத்தில் படித்து அறிந்ததில்லை.

1931-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மகனும் வந்து சேர்ந்தான். 1934-ல் மகள் காரின் பிறந்தாள்.

மகள் சூட்டிய பெயர்

1941-ல் காரினுக்கு நிமோனியாக் காய்ச்சல். படுக்கையில் கிடந்த சிறுமி அம்மாவைக் கதை சொல்லச் சொன்னாள். யார் கதை? "பிப்பி" என்று வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னாள். பெயரே விசித்திரம்! ஆகவே கதையும் விசித்திரமாயிற்று. பிப்பிக்கு வயது ஒன்பது. அம்மாவும் இல்லை, அப்பாவும் அருகில் இல்லை. ஒரு குதிரை, ஒரு குரங்கு, இவையே துணை. குதிரையையே தூக்கிவிடும் பலசாலி அவள். யாருக்கும் அஞ்ச மாட்டாள்.

1944 மார்ச் மாதம் அஸ்ட்ரிட் பனியில் வழுக்கி விழுந்தார். கால் சுளுக்கிக்கொண்டது. படுத்த படுக்கையில் அந்தக் கதைகளை எழுதி, மகளின் பத்தாவது பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒரு பெரிய பதிப்பகம் கதையைத் திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு வேறொரு பதிப்பகம் நடத்திய போட்டியில் அதே கதைக்கு முதல் பரிசு! பிள்ளைகளை இது கெடுத்துவிடும் என்று 1946-ல் ஒரு பேராசிரியர் பத்திரிகையில் சாடினார். பிள்ளைகள் அந்தக் கட்டுரையையா படித்தார்கள்? பிப்பியைப் படித்தார்கள். அஸ்ட்ரிட்டின் நூல்கள் 100-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துள்ளன.

சிறுவர்களுக்கு எழுதியவர் பெரியவர்களையும் விடவில்லை. 1976-ல் அவர் வருமானத்தின் ஒரு பகுதிக்கு நூற்றுக்கு 102 வீதம் வரி வந்தது. சம்பாதித்ததற்கு மேலேயே வரி! உடனே அதையும் ஒரு கதையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். நாடே சிரித்தது.

பேச வேண்டாம் என்றார்கள்

1978-ல் மேற்கு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், புத்தக வியாபாரிகளின் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் பேசப்போவதை முன்கூட்டியே பார்த்த விழாக்காரர்கள் திடுக்கிட்டார்கள். பரிசை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்றார்கள். பேச்சு இல்லை என்றால் வரவும் மாட்டேன் என்றார் அஸ்ட்ரிட். அவர்கள் இணங்கினார்கள்.

அவர் பேசியது ஆயுதங்களைப் பற்றி அல்ல. வீட்டில் விழும் அடியைப் பற்றி. ஒரு மூதாட்டி தம்மிடம் சொன்னதாக ஒரு நிகழ்ச்சியைக் கூறினார்.

அந்த அம்மாள் பிள்ளையை அடிக்க விரும்பாதவள். ஒரு நாள் சின்ன மகன் ஏதோ குறும்பு செய்துவிட்டான். இன்று அடித்தே தீர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நீயே போய் ஒரு குச்சி எடுத்து வா என்றாள். பையன் போனான். நெடுநேரம் வரவில்லை. கடைசியில் அழுதுகொண்டே திரும்பினான். குச்சி கிடைக்கவில்லையாம். ஆனால் கையில் ஒரு கல் இருந்தது. அம்மா அதைத் தன் மேல் எறியலாம் என்று நீட்டினான்!

அம்மாவுக்கு என்னைத் துன்புறுத்த வேண்டும். அதற்குக் குச்சியானால் என்ன, கல்லானால் என்ன? பிள்ளையின் கணக்கு அதுதான். தாய் அவனை அணைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கல்லை அடுக்களை அலமாரியில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது.

அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் உண்டு. சுவீடனிலும் இருந்தது. 1979 ஜூலை முதல் தேதி, பெற்றோரும் பிள்ளையை அடிக்கக்கூடாது என்ற சட்டம் அங்கே அமுலுக்கு வந்தது. உலகிலேயே அதுதான் முதல் முறை. அஸ்ட்ரிட்டின் பேச்சு ஒன்றினால் மட்டும் வந்த சட்டம் அல்ல. அரசாங்கம் அமைத்த குழு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தது. ஆனால் நாட்டு மக்கள் நம்பிக் கேட்கும் ஒரு குரல் அந்தச் சமயத்தில் துணை நின்றது. பின்னர் 60-க்கும் மேற்பட்ட நாடுகள் இத்தகைய சட்டம் செய்தன. அஸ்ட்ரிட் 2002 ஜனவரி 28-ந் தேதி, 94-வது வயதில் காலமானார்.

இந்தச் சட்டத்தில் தனித் தண்டனை எதுவும் இல்லை. பெற்றோரைச் சிறையில் தள்ளுவது நோக்கமல்ல; எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே சுவீடன் அரசாங்கம் அதைப் பால் விற்கும் அட்டைப் பெட்டிகளில் அச்சிட்டது. காலையில் பால் ஊற்றும்போது தாய் படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையும் எழுத்துக் கூட்டிப் படித்தது.