இருநூறு கட்டுரைகளும் ஒரு பாட்டிலும்

எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கேட்பது இதுதான்: "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சாமி." பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது டாக்டருக்குத் தெரியும். டாக்டருக்கு எப்படித் தெரியும்? யாரோ ஆராய்ந்து எழுதிய கட்டுரை வழியாகத்தான். சரி, அந்தக் கட்டுரையே பொய்யாக இருந்தால்?

கற்பனைக் கேள்வி இல்லை இது. யோவாகிம் போல்ட், ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் மருத்துவமனையில் மயக்கவியல் துறைத் தலைவராக இருந்தவர். உயிருக்குப் போராடுகிறவரின் உடம்பில் எந்தத் திரவத்தை ஏற்றுவது என்பதில் பெரிய பெயர். ஹைட்ராக்சி எத்தில் ஸ்டார்ச் என்கிற மாவுப்பொருள் கரைசலுக்கு ஆதரவாகக் கட்டுரை மேல் கட்டுரை எழுதினார். 2009-இல் வந்த ஒரு கட்டுரையின் எண்கள் சில வாசகர்களை உறுத்தின. நிஜ நோயாளிகளின் எண்கள் இவ்வளவு அழகாக வரிசையில் நிற்குமா? விசாரித்தால், அந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியே இல்லை. 2010-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவர் வேலையும் போனது. பிறகு மருத்துவமனையே நடத்திய விசாரணையில், பார்த்த 91 கட்டுரைகளில் குறைந்தது 10-இல் பொய்த் தரவு இருந்தது தெரிந்தது. இன்று திரும்பப் பெறப்பட்ட அவருடைய கட்டுரைகள் 200-க்கும் மேல்.

"விடுப்பா, காகிதத்துல எழுதின பொய்தானே" என்பவர்களோடுதான் என் சண்டை.

2012-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில், கடுமையான செப்சிஸ் கண்ட 798 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளிவந்தது. 90 நாளுக்குள், ஸ்டார்ச் ஏற்றப்பட்டவர்களில் 51 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஸ்டார்ச் இல்லாத உப்புக் கரைசல் பெற்றவர்களில் 43 சதவீதம். அடுத்த ஆண்டு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டினார்கள். போல்ட்டின் 7 ஆய்வுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது தீங்கு பளிச்சென்று தெரிந்தது: சாவும் கூடுதல், சிறுநீரகப் பாதிப்பும் கூடுதல். பொய் காகிதத்தோடு நிற்கவில்லை. பாட்டில் வழியாக இறங்கியிருக்கிறது.

போல்ட் மனசுக்குள் என்ன ஓடியதோ, எனக்குத் தெரியாது. ஆனால் அவரைக் கொண்டாடிய உலகம் எதை எண்ணியது என்று தெரியும்: கட்டுரைகளை. நாமும் அதையேதான் எண்ணுகிறோம். மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வு வேண்டுமென்றால் இத்தனை கட்டுரை வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். புதுக்கோட்டையில் 2017-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்படி ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் ராத்திரி முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றுவிட்டு வரும் இளம் டாக்டரிடம் "பேப்பர் எங்கே?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? காசு கட்டினால் அச்சுப் போடும் இதழ்கள் ஆயிரம் காத்திருக்கின்றன. அவரை அந்த வாசலுக்குத் தள்ளிவிட்டு, பிறகு நேர்மை பற்றி வகுப்பெடுப்போம்.

"அப்படின்னா சின்ன ஊர் டாக்டர் ஆராய்ச்சியே பண்ணக்கூடாதா?" பண்ணணும். கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் ஆஸ்பத்திரிகளில், விஷம் குடித்து வந்த 4,632 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. திரும்பத் திரும்பக் கரிப்பொடி கொடுத்தால் உயிர் பிழைப்பார்களா என்பது கேள்வி. கொடுக்கலாம் என்று அதற்கு முன் ஒரு ஆய்வு சொல்லியிருந்தது. 2008-இல் 'லான்செட்' இதழில் வந்த பதில்: குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அவ்வளவுதான். 4,632 பேரைப் பார்த்துவிட்டு "பலன் இல்லை" என்று எழுத முதுகெலும்பு வேண்டும். விஷமும் பாம்புக்கடியும் நம் வார்டுகளுக்கும் புதிதில்லை. அந்த நோட்டுகளை ஒழுங்காக எழுதி, கூட்டிப் பார்த்தாலே உலகத்துக்குச் சொல்ல நமக்கும் விஷயம் இருக்கும்.

எண்ணிக்கை விதியைத் தூக்கிப் போடுங்கள். பதவி உயர்வு நேர்காணலில் மூன்றே கேள்வி போதும். யாரிடம் அனுமதி வாங்கினாய்? மூலத் தரவு எங்கே? நினைத்ததற்கு மாறாக முடிவு வந்தபோது என்ன செய்தாய்? இதற்கு நேராகப் பதில் சொல்கிறவருக்கு ஒரு கட்டுரை போதும். சொல்ல முடியாதவருக்கு இருநூறும் போதாது.

"ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சாமி" என்கிற பெரியவர் கட்டுரை படிக்கப்போவதில்லை. அவருக்காக அதைப் படித்துச் சந்தேகப்பட யாராவது இருக்க வேண்டும். சாமி என்று கூப்பிடுகிறாரே, அதற்காகவாவது.