ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு சர்வர்

புனேயில் மழை விட்டபாடில்லை, ஹிஞ்சவாடி டிராபிக் நகர்ந்தபாடில்லை, ஆபீஸில் ஆணிக்கும் குறைச்சல் இல்லை. இதுக்கு நடுவில் ஒரு புலம்பல் பதிவு. மேட்டர் கொஞ்சம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதுதான். ஆனா பொட்டி தட்டுறவங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஓடிடாதீங்க. அம்மா ஊரில், அக்கா நியூஜெர்சியில், தம்பி மஸ்கட்டில் என்று ஆளுக்கொரு மூலையில் கிடக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் ஒரு சின்னக் கொசுவத்தி. அப்பா போனபிறகு மாயவரம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே இன்லாண்ட் லெட்டர் கட்டுகள், பழைய போட்டோக்கள், பதினேழு கேசட். கேசட்டில் அப்பா பாடினது, எங்களை அதட்டினது, தாத்தாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது எல்லாம் இருக்கு. அதை அப்படியே புனேக்குக் கொண்டுவந்து, மூணு மாசம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தங்கமணி திட்டினதெல்லாம் தனிக்கதை.

வீட்டில் டிவிக்குப் பின்னால் ஒரு குட்டி சர்வர் இருக்கு. அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, அதில் இந்தச் சொத்தை வைத்தேன். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஒரு நிஜக் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர். தனி நினைவகம், தனி டிஸ்க், தனி இயங்குதளம். நாளைக்கே இந்தப் பொட்டி புட்டுக்கிட்டாலும், பேக்கப் இருந்தால் வேறு பொட்டியில் அப்படியே எழுப்பிவிடலாம்.

அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன். "டேய், சுத்திக்கிட்டே இருக்குடா. அப்பா குரல் வரவே இல்லை."

எப்படி வரும்? நடுவில் மூணு வாசல். விர்ச்சுவல் மெஷினை நேட் முறையில் வைத்திருந்தேன், அது ஒரு வாசல். வீட்டு ரூட்டர் இரண்டாவது. இணைப்பு கொடுக்கிற நிறுவனத்தின் நேட் மூணாவது. முதல் இரண்டும் என் வீட்டில் இருக்கிறவை, திறந்துவிடலாம். மூணாவதன் சாவி என்னிடம் இல்லை.

நேட் என்றால் என்னன்னு திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒண்டுக்குடித்தனம்! தெருவுக்கு ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடித்தனம். புனேயின் பழைய பேட்டைகளில் இருக்கிற வாடாக்களும் அதே கதைதான். பெரிய வாசல் ஒண்ணு, முற்றத்தைச் சுற்றி எத்தனையோ குடும்பம். உள்ளேயிருந்து நீங்கள் கடிதம் போட்டால் வீட்டுக்காரர் அனுப்புநர் முகவரியை மாற்றித் தன் கதவு எண்ணை எழுதிவிடுவார். பதில் வந்தால் யாருக்குன்னு நோட்டில் பார்த்துக் கொடுப்பார். சரி. ஆனால் நீங்கள் எதுவும் போடாமல், வெளியிலிருந்து யாராவது முதன்முதலாக உங்களைத் தேடி வந்தால்? நோட்டில் பெயர் இல்லை. திருப்பி அனுப்பிவிடுவார். என் அக்காவைத் திருப்பி அனுப்பியது இப்படித்தான்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். அந்தப் பையன் ஹிந்தியில் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "சார், ஸ்டேட்டிக் ஐ.பி. வேணும்னா பிசினஸ் ப்ளான் எடுக்கணும். வீட்டுக்கு எதுக்கு சார் அதெல்லாம்?"

வீட்டுக்கு எதுக்கு! இந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

நியாயத்தை முதலில் ஒத்துக்கொள்கிறேன். பழைய ஐ.பி.வி4 முகவரிகள் மொத்தமே 429 கோடிதான். உலகத்தில் மனுஷங்களே 800 கோடிக்கு மேல். 1996-லேயே ஆர்.எஃப்.சி. 1918 என்று ஒரு ஆவணம் போட்டு, வீட்டுக்குள் புழங்க 10, 172.16, 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரிகளை ஒதுக்கினார்கள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஏப்ரலில் நம்ம ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான ஏப்னிக், கடைசித் தொகுதிக்கு வந்து ரேஷன் முறையை ஆரம்பித்தது. 2012-ல் 100.64-லிருந்து 100.127 வரை உள்ள எண்களை இணைப்பு நிறுவனங்களின் பெரிய நேட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். அதாவது ஒண்டுக்குடித்தனத்துக்குள் இன்னொரு ஒண்டுக்குடித்தனம்.

பற்றாக்குறை வந்தால் அடுத்தது என்ன? வியாபாரம். 2011-ல் திவாலான நார்டெல் கம்பெனியிடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்குப் பதினொரு டாலருக்கு மேல். அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐ.பி.வி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட். வருஷம் முழுக்க வைத்திருந்தால் சுமார் 44 டாலர். ஆக, ஐ.பி.வி4-க்கு வாடகை கேட்டால் நான் சண்டை போட மாட்டேன். இல்லாத பொருளுக்கு விலை இருக்கத்தான் செய்யும்.

என் சண்டை ஐ.பி.வி6-க்கு. அது 1998 டிசம்பரிலேயே வரையறுக்கப்பட்டது. நம்ம தொலைத்தொடர்புத் துறை 2010-ல் ஒரு திட்ட வரைபடம், 2013-ல் இரண்டாவது வரைபடம் வெளியிட்டது. இன்றைக்கு இந்தியாவிலிருந்து கூகிளுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் ஐ.பி.வி6-ல் போகிறார்கள். இதில் நாம் பின்தங்கிய நாடு இல்லை மக்களே, முன்வரிசை!

கணக்கைப் பாருங்கள். வீட்டு நெட்வொர்க் ஒன்றுக்குத் தருகிற /64 என்ற துண்டில் மட்டும் சுமார் 1.84 லட்சம் கோடி கோடி முகவரிகள். ஒரு இணைப்பு நிறுவனத்துக்கு ஏப்னிக் தருகிற குறைந்தபட்ச ஒதுக்கீடு /32. அதை வீட்டுக்கு ஒரு /56 என்று பிரித்தால் 1 கோடியே 67 லட்சம் வீடுகளுக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு /56-க்குள்ளும் 256 தனித்தனி நெட்வொர்க். இவ்வளவு கொட்டிக் கிடக்கும்போது என் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு /64. அதுவும் நிரந்தரம் இல்லை. வியாழக்கிழமை பராமரிப்புக்குக் கரண்ட் போய் வந்தால் ரூட்டர் மறுபடி இணையும், முகவரி மொத்தமும் மாறிவிடும். கடல் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு டம்ளருக்கு டோக்கன் போடுகிற கதை!

இனி நண்பர்கள் சொல்கிற சமாதானங்களுக்கு வருவோம்.

ஒன்று: "கிளவுடில் போட்டுட்டுப் போயேன்." போடலாம்தான். ஆனா அது அடுத்தவன் வீட்டுத் திண்ணை. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்து போயின. யாஹூ குழுமங்களில் தமிழர்கள் வருஷக்கணக்கில் எழுதிக் குவித்த மடல்கள் என்ன ஆச்சு? 2019 கடைசியில் பழைய மடல்களை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார்கள், 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடிவிட்டார்கள். திண்ணையில் படுத்தவனுக்கு எழுந்து போகச் சொன்னால் போக வேண்டியதுதான். காசு கொடுத்து இடம் எடுத்தாலும் மாசா மாசம் கட்டணும். நான் கட்ட மறந்தால் அப்பா குரல் எங்கே போகும்?

இரண்டு: "நேட் இருந்தா பாதுகாப்பு. பொது முகவரி கொடுத்தா ஹேக் பண்ணிடுவான்." இதில் பாதி உண்மை. 2016-ல் மிராய் என்ற பாட்நெட், வெளியே திறந்து கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்துப் போட்டது. ஆனால் அவை மாட்டினது பொது முகவரி இருந்ததால் மட்டுமா? கம்பெனியில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்! கதவு எண் இருந்தால் திருடன் வருவான் என்று யாராவது எண்ணை அழிக்கிறார்களா? பூட்டுத்தானே போடுகிறோம். அந்தப் பூட்டு ஃபயர்வால். வெளியிலிருந்து 443-ஆம் போர்ட் மட்டும் வரலாம், மற்றதெல்லாம் வாசலோடு சரி.

விர்ச்சுவல் மெஷினுக்குத் தனி முகவரி கேட்பதே பாதுகாப்புக்காகத்தான். வெளியாட்கள் வருகிற அறையைத் தனி நெட்வொர்க்கில் வைத்துவிட்டால், அதை யாராவது உடைத்தாலும் தங்கமணியின் லேப்டாப்புக்கோ பையனின் டேப்லெட்டுக்கோ நேராகப் போக முடியாது. ஆனால் தனி நெட்வொர்க் என்றால் அதற்கு இன்னொரு /64 வேணும். நிறுவனம் கொடுப்பதோ ஒண்ணே ஒண்ணு. /56 கேட்பது பேராசை இல்லைங்க, வீட்டுக்குள் ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப இடம் கேட்கிறேன்.

மூணு: "பகிர்ந்த முகவரியில் என்ன நஷ்டம்? யூடியூப் ஓடுதே." பார்க்கிறவனுக்கு ஓடும், கொடுக்கிறவனுக்கு ஓடாது. இன்னொன்றும் இருக்கு. அதே முகவரியில் இருக்கிற முகம் தெரியாத ஒருத்தன் ஸ்பாம் அனுப்பினால், "நீ மனுஷன்தானா, டிராபிக் லைட் படத்தை அழுத்து" என்று உங்களைக் கேட்பார்கள். அதைவிடப் பெரிசாக ஒருத்தன் செய்தால்? எந்தப் போர்ட், எந்த நொடி என்கிற பதிவு இல்லாமல் ஆளைப் பிரித்தறிய வழியில்லை. 2017 அக்டோபரில் யூரோபோல், அதாவது ஐரோப்பியப் போலீஸ் அமைப்பே, இந்தப் பெரிய நேட்டை ஒழிக்க வேண்டும் என்று கேட்டது. முகவரி கேட்கிறவன் ஏதோ தப்பு செய்யப் போகிறவன் மாதிரி பார்ப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நிரந்தர முகவரி இருந்தால் விளம்பரக்காரர்கள் பின்தொடர்வார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான பயம். அதனால்தான் எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு, கூடுதல் கட்டணம் இல்லாமல், மாறாத ஒரு /56 கொடுங்கள். அவ்வளவுதான். ஐரோப்பாவில் ரைப் சமூகம் 2017-லேயே ரைப்-690 என்ற வழிகாட்டியில், வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு /64 போதாது, /56-ஓ /48-ஓ மாறாமல் கொடுப்பதே நல்லது என்று எழுதிவிட்டது.

இப்போ என் வீட்டு நிலவரம். விர்ச்சுவல் மெஷினை நேட்டிலிருந்து ப்ரிட்ஜ் முறைக்கு மாற்றினேன். அதாவது நிஜ ரூட்டரோடு நேராகப் பேசும் தனி ஆளாக ஆக்கினேன். அதற்கு சொந்தமாக ஐ.பி.வி6 முகவரி வந்துவிட்டது. அடிக்கடி மாறும் தற்காலிக முகவரியை நிறுத்திவிட்டு, ரூட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டைத் திறந்தேன். கரண்ட் போய் முகவரி மாறினால், ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் டி.என்.எஸ்.ஸில் புதிய எண்ணை எழுதிவிடும். அது வேலை செய்கிற வரை லிங்க் அம்போ. தம்பி இருக்கிற இடத்தில் ஐ.பி.வி6 இல்லை. அவனுக்காக வெளியில் ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து வயர்கார்ட் வழியாக இழுத்துவிட்டிருக்கிறேன். திண்ணையைத் திட்டிவிட்டுத் திண்ணையிலேயே ஒரு கால் வைத்திருக்கிறேன், ஹி ஹி. என்ன செய்ய.

போன வாரம் அக்கா கேட்டுவிட்டாள். முழுசாக ஒரு கேசட். அப்புறம் ரொம்ப நேரம் போனில் ஒண்ணுமே பேசவில்லை. கடைசியில், "இது எப்பவும் இங்கேயே இருக்கும் இல்லடா?" என்றாள். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவது என் கையில் மட்டும் இல்லை என்பதுதான் என் கோபம்.

அந்த இன்லாண்ட் லெட்டர் ஒவ்வொன்றிலும் அப்பா அனுப்புநர் முகவரியை முழுசாக, 609001 என்று பின்கோடு வரைக்கும் எழுதியிருக்கிறார். வாடகை வீட்டில் இருந்தபோதும் சரி, ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தபோதும் சரி. அது இல்லாவிட்டால் பதில் எப்படி வரும் என்பார்.

அடுத்த முறை இணைப்பைப் புதுப்பிக்கும்போது நீங்களும் கேளுங்கள்: "ஐ.பி.வி6 உண்டா? /56 தருவீர்களா? மாறாமல் இருக்குமா?" நான் ஒருத்தன் கேட்டால் கிறுக்கன். ஆயிரம் பேர் கேட்டால் அவர்களே அதை விளம்பரத்தில் போடுவார்கள்.

பி.கு.: உங்கள் ரூட்டர் பக்கத்தில் வெளி முகவரி என்று காட்டுகிற எண்ணைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் நீங்களும் நம்ம ஒண்டுக்குடித்தனம்தான். வாங்க, முற்றத்தில் உட்கார்ந்து பேசுவோம் :-)