எத்தனை எச்.பி.ன்னு கேட்காதீங்க, எத்தனை அடின்னு கேளுங்க

திருவெள்ளறைக்கு வர்றவங்க பெருமாளைச் சேவிச்சிட்டு, ஸ்வஸ்திக் கிணத்தைப் போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துல கம்பன் அரையன் வெட்டின மார்ப்பிடுகு பெருங்கிணறு அது. நாலு பக்கமும் படிக்கட்டு. தண்ணி எவ்வளவு இறங்குதோ, மனுஷனும் அவ்வளவு இறங்கணும். 1200 வருஷம் ஆச்சு, அந்தக் கணக்கு மாறலை. படிக்குப் பதிலா மோட்டார் வந்திருக்கு, அவ்வளவுதான்.

மேலே இருக்கிற மோட்டார் தண்ணியை இழுக்குதுன்னு நினைக்கிறோம். உண்மையில காத்தோட அழுத்தம்தான் தண்ணியைத் தள்ளி ஏத்துது. அது 34 அடியைத் தாண்டாது; நடைமுறையில 25 அடிதான். அதுக்குக் கீழே போன தண்ணிக்கு வந்ததுதான் ஜெட் மோட்டார்.

உள்ளே ரெண்டு குழாய் இறங்கும். மேலே வந்த தண்ணியில ஒரு பங்கை மோட்டார் சின்னக் குழாய் வழியா திரும்பக் கீழே அனுப்பும். அடியில இருக்கிற ஜெட்டோட நாசில்ல அது சீறும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். சுத்தியிருக்கிற தண்ணி அதோட சேர்ந்து உள்ளே வரும். வென்சுரி விரியிற இடத்துல வேகம் அழுத்தமா மாறி, பெரிய குழாய்ல மேலே ஏறும். கீழே சுத்துற பாகமும் இல்லை, ஒயரும் இல்லை. ரிப்பேர்னா மோட்டாரை மேலேயே கழட்டலாம். இதுதான் லாபம்.

நஷ்டமும் இருக்கு. ஒரே தண்ணி திரும்பத் திரும்பச் சுத்துறதுல கரண்ட் நிறைய வீணாகும். ஆழம் கூடக் கூட கீழே அனுப்புற பங்கு கூடும், தொட்டிக்கு வர்றது குறையும்.

கடைக்குப் போனா எல்லாரும் கேட்கிற கேள்வி, "ஒண்ணா, ஒன்றரையா?" அது தப்பான கேள்வி. தண்ணி எத்தனை அடியில நிக்குது? மோட்டார் ஓடும்போது எவ்வளவு இறங்குது? மாடித் தொட்டி எத்தனை அடி உயரம்? போர் எத்தனை இஞ்ச்? இதைப் பார்த்துத்தான் நாசிலும் வென்சுரியும் ஜோடியாத் தேர்ந்தெடுக்கணும். போர் 200 அடின்னு சொல்றதுல அர்த்தமில்லை; தண்ணி 60 அடியில நின்னா கணக்கு 60லேர்ந்துதான். ஊத்து கொடுக்கிறதைவிட அதிகமா எடுத்தா ஜெட் காத்தை இழுத்து, மோட்டார் வெறுமனே ஓடும்.

விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், அதனால நாங்க இதை யோசிக்கிறதில்லை. நீங்க காசு கட்டியும் யோசிக்கிறதில்லை. தண்ணி குறைஞ்சா ரெண்டு பேரும் பெரிய மோட்டார் வாங்கறோம். மோட்டார் தண்ணியை உண்டாக்காது. இருக்கிறதைச் சீக்கிரம் காலி பண்ணும்.

ஒரு நூல்ல கல்லைக் கட்டி, சித்திரையில ஒரு தரம், ஐப்பசி மழை முடிஞ்சு ஒரு தரம் அளந்து எழுதி வைங்க. அந்தச் சீட்டோட கடைக்குப் போங்க.